யூபிஎஸ்1 நீக்கிய ஈஸ்ட்டில் கார்டியோலிபின் குறைகிறது: உண்மையா, பிரித்தெடுப்புக் கோளாறா?

நொதிக்குடுவை:
வணக்கம். சாக்கரோமைசிஸ் செரிவிசியேயில் (ரொட்டி ஈஸ்ட்) யூபிஎஸ்1 மரபணுவை நீக்கிய ஸ்ட்ரெய்ன், இயல்பு ஸ்ட்ரெய்ன் இரண்டையும் 2% குளுக்கோஸ் கொண்ட ஒய்பிடி மீடியத்தில் இரவு முழுக்க 30 டிகிரியில் வளர்த்து, 12,000 ஜி-யில் மைட்டோகாண்ட்ரியா வண்டலை எடுத்தேன். குளோரோபார்ம்–மெத்தனால் 2:1-ல் கொழுப்பைப் பிரித்து டிஎல்சி (மெல்லடுக்கு நிறப்பகுப்பு) ஓட்டினேன். நீக்கிய ஸ்ட்ரெய்னில், மைட்டோகாண்ட்ரியா உட்சவ்வுக் கொழுப்பான கார்டியோலிபினின் பட்டை மங்கல். வெஸ்டர்ன் பிளாட்டில் (எதிர்ப்பொருள் கொண்டு புரதம் பார்க்கும் சோதனை) உட்சவ்வுப் புரதமான டிம்23-யும் குறைவு. பாஸ்பாடிடைல் செரின் என்ற கொழுப்பு மட்டும் இரண்டிலும் பளிச்சென்று தெரிகிறது. கார்டியோலிபின் குறைந்ததால்தான் டிம்23 குறைந்தது என்று எழுதலாமா?

சவ்வுப்பக்கம்:
இப்போதைக்கு எழுதாதீர்கள். பாஸ்பாடிடைல் செரின் பளிச்சென்று தெரிவதுதான் முதல் எச்சரிக்கை. சுத்தமான ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியாவின் பாஸ்போலிப்பிடில் அது 3% அளவுதான். கார்டியோலிபின் சுமார் 13%. உங்கள் வண்டலில் ஈஆர் (எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம்) சவ்வு நிறைய ஒட்டியிருக்கிறது. நீக்கிய ஸ்ட்ரெய்னில் அந்தக் கலப்படம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலே போதும்: மைக்ரோகிராம் புரதக் கணக்கில் டிம்23-யும் குறையும், மொத்தப் பாஸ்பேட் கணக்கில் கார்டியோலிபினும் குறையும். இரண்டும் சேர்ந்து விழுந்தால் காரண-காரியம் போலத் தெரியும், ஆனால் அப்படி இருக்கவேண்டியதில்லை.

அதே பிளாட்டில் மைட்டோகாண்ட்ரியா புறச்சவ்வுக்கு அடையாளப் புரதமான போரின், ஈஆருக்கு அடையாளமான டிபிஎம்1 இரண்டையும் பாருங்கள். போரினும் டிம்23 அளவுக்கே குறைந்திருந்தால் கலப்படம். போரின் சமமாக இருந்து டிம்23 மட்டும் குறைந்திருந்தால் மேலே பேசலாம்.

வளர்ப்பையும் மாற்றுங்கள். ஒய்பிடியில் குளுக்கோஸ் மைட்டோகாண்ட்ரியாவை அடக்கி வைக்கும். ஒய்பி-யில் (குளுக்கோஸ் சேர்க்காத ஒய்பிடி) 2% லாக்டேட், பிஎச் 5.5, ஓடி (கலங்கல் அளவு) 1–2-ல் அறுவடை. யூபிஎஸ்1 நீக்கியது மெதுவாக வளரும். லாக்டேட்டில் திணறினால் இரண்டு ஸ்ட்ரெய்னையும் 2% காலக்டோசில் வளர்க்கலாம். ஒன்றை ஒன்றிலும் மற்றதை மற்றதிலும் வளர்த்து ஒப்பிடவே கூடாது. தட்டில் திடீரென்று பெரிய காலனி தெரிந்தால் அதை எடுக்காதீர்கள், அது பெரும்பாலும் வேறொரு பிறழ்வால் தப்பியது. கிளிசரால் தட்டில் பெட்டிட் (சுவாசத் திறன் இழந்த செல்) சோதனையும் அவசியம்.

பிரிக்கும்போது: 10 மில்லிமோலார் டிடிடி (டைசல்பைடு பிணைப்பை உடைக்கும் பொருள்), டிரிஸ் பிஎச் 9.4, 20 நிமிடம், 1.2 மோலார் சார்பிட்டாலில் கழுவல். ஈர எடை கிராமுக்கு 3–5 மி.கி. சைமோலியேஸ் (செல்சுவரைக் கரைக்கும் நொதி), 30–45 நிமிடம். செல்சுவர் போனதா என்று கடிகாரத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கலந்து ஓடி பாருங்கள், ஆரம்ப அளவில் 10–20%-க்கு இறங்கவேண்டும். 12,000 ஜி வண்டலைக் கடைசியில் 15–23–32–60% சுக்ரோஸ் அடுக்கில் 134,000 ஜி-யில் ஒரு மணி நேரம் சுழற்றுங்கள். 32-க்கும் 60-க்கும் இடையில் நிற்கும் பழுப்புப் பட்டையை மட்டும் எடுக்கவேண்டும்.

கொழுமியம்:
டிஎல்சி பற்றி. எத்தனாலில் கரைத்த 1.8% போரிக் அமிலத்தில் தட்டை நனைத்து, 100 டிகிரியில் 15 நிமிடம் காயவையுங்கள். ஓட்டும் கரைசல் குளோரோபார்ம்–எத்தனால்–தண்ணீர்–ட்ரைஎத்திலமீன் 30:35:7:35. கரைப்பான் சேர்ந்தபின் எல்லாமே கண்ணாடிக் குழாயில்தான். பிளாஸ்டிக் கரைந்து பொய்ப் பட்டை கொடுக்கும். கழுவும் நீரில் 0.9% உப்பு இல்லாவிட்டால் அமிலக் கொழுப்புகள் மேலடுக்குக்குப் போய்விடும். நீங்கள் தேடுவதே அமிலக் கொழுப்பு!

மாட்டிதயக் கார்டியோலிபின் ஸ்டாண்டர்டு மட்டும் போதாது, கார்டியோலிபினை ஆக்கும் சிஆர்டி1 மரபணுவை நீக்கிய ஸ்ட்ரெய்னையும் ஒரு லேனில் போடுங்கள். அங்கேயும் மறையாத பட்டை கார்டியோலிபின் அல்ல. பாஸ்பேட் அளந்தால் கார்டியோலிபினுக்கு இரண்டு பாஸ்பேட், மோல் கணக்குக்கு இரண்டால் வகுக்க மறக்காதீர்கள். மீடியத்தில் இனோசிட்டால் அளவும் ஒன்றாக இருக்கட்டும். கார்டியோலிபின் ஆக்கத்தில் முன்னதாக வரும் பிஜிஎஸ்1 நொதி அதற்கேற்ப ஏறி இறங்கும்.

நொதிக்குடுவை:
மிக்க நன்றி. அடுக்கில் சுழற்றியபின்னும் டிம்23 குறைந்தே இருந்தால் காரணத்தை எப்படி நிறுவுவது? யூபிஎஸ்1-உடன் இணையும் புரதமான எம்டிஎம்35-ஐ நீக்கியதைச் சேர்க்கலாமா?

சவ்வுப்பக்கம்:
அது குழப்பும். எம்டிஎம்35 இல்லாவிட்டால் யூபிஎஸ்1, அதன் உறவுப் புரதம் யூபிஎஸ்2 இரண்டையுமே புரோட்டியேஸ்கள் தின்றுவிடும். யூபிஎஸ்1 மட்டும் போன நிலை அது அல்ல. யூபிஎஸ்1 பாஸ்பாடிடிக் அமிலத்தைப் புறச்சவ்விலிருந்து உட்சவ்வுக்குக் கடத்துகிறது. அதிலிருந்து கார்டியோலிபினை ஆக்கும் டேம்41, பிஜிஎஸ்1, ஜெப்4, சிஆர்டி1 என்ற நொதி வரிசை அதற்குப் பிறகுதான். ஆகவே சிஆர்டி1 நீக்கியதுடன் ஒப்பிடுங்கள். அதில் கார்டியோலிபின் அறவே இல்லை, பாஸ்பாடிடைல் கிளிசரால் தேங்கும். அங்கே டிம்23 நன்றாக இருந்தால், உங்கள் குறைவுக்குக் கார்டியோலிபினை மட்டும் குற்றம் சொல்லமுடியாது. அடுத்து யூபிஎஸ்1–யூபிஎஸ்2 இரட்டை நீக்கம்: கார்டியோலிபின் பெருமளவு மீளும். டிம்23-யும் கூடவே மீண்டால் உங்கள் வாக்கியத்துக்கு வலு வரும். கடைசியாக, சொந்த புரமோட்டருடன் சென்ட்ரோமியர் பிளாஸ்மிடில் (செல்லுக்கு ஓரிரு பிரதி மட்டும் தங்குவது) யூபிஎஸ்1-ஐத் திரும்பக் கொடுத்து இரண்டும் பழைய நிலைக்கு வருகிறதா என்று பாருங்கள். பல பிரதி பிளாஸ்மிட் வேண்டாம்.