மறு: பாய்ம நுண்ணறிவு, படிக நுண்ணறிவு – வேறு சொல் உண்டா?

அன்பின் நண்பர்களுக்கு,

உளவியலில் fluid intelligence, crystallized intelligence என்று இரண்டு வகை நுண்ணறிவைச் சொல்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அவற்றைப் 'பாய்ம நுண்ணறிவு', 'படிக நுண்ணறிவு' என்றே வைப்பதா, வேறு சொல் தேடுவதா என்பதுதான் பேச்சு.

> பாய்மம், படிகம் இரண்டும் இயற்பியலில் நிலைபெற்ற சொற்கள். அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன குறை?

நிலைபெற்றுவிட்டதுதான் குறை. 'படிக நுண்ணறிவு' என்று தலைப்பில் பார்த்தால் உப்பும் வைரமும் நினைவுக்கு வருமே தவிர, உளவியல் வராது. மூலத்திலேயே அது ஓர் உருவகம். உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் 1940-களில் முன்வைத்து 1963-இல் விரித்து எழுதியது. (தமிழில் எழுதினால் இவர் பெயரே கற்கும் வழிகளில் ஒன்றாகிவிடுகிறது!) இன்னொரு உளவியலாளரான ஸ்பியர்மன் 1904-இல் பொதுத்திறன் என்று ஒன்றாகக் கட்டியதைக் கேட்டல் இரண்டாகப் பிரித்தார். முன்பின் பார்த்திராத சிக்கலை அந்த இடத்திலேயே யோசித்து அவிழ்ப்பது ஒன்று, அதுதான் பாய்மம். படித்தும் பழகியும் சேர்த்துவைத்ததை எடுத்து ஆள்வது மற்றொன்று, அது படிகம்.

உருவகத்தை விட்டுவிட்டு, எதைக் கொடுத்து அளக்கிறார்கள் என்று பார்ப்போம். முதல் வகைக்கு ரேவன் சோதனை பேர்போனது. மூன்றுக்கு மூன்று கட்டம், எட்டில் வடிவங்கள், ஒன்பதாவது காலி. குறுக்கே போகப்போகக் கோடு ஒன்று கூடும். கீழே இறங்க இறங்கப் புள்ளி இடம் மாறும். இரண்டு விதியையும் கண்டுபிடித்து, காலிக் கட்டத்துக்கு உரியதைப் பொறுக்க வேண்டும். பாடம் படித்திருக்கத் தேவையில்லை. இதைச் செய்யும்போது நாம் செய்வது உய்த்தறிதல்தான். ஆகவே என் பரிந்துரை 'உய்த்தறிதிறன்'. தருக்கவியலார் இந்த வினையை ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள் என்பது தெரியும். அங்கே அது ஒரு செயலின் பெயர், இங்கே திறனின் பெயர், மோதாது.

> மதிநுட்பம் நூலோடு உடையார்க்கு என்று குறளே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறதே. மதிநுட்பம், நூலறிவு போதாதா?

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பரிமேலழகர் அங்கே முன்னதை இயற்கை என்றும் பின்னதைச் செயற்கை என்றும் பிரிக்கிறார். அந்தக் குறள் பேசும் அமைச்சருக்கு அது பொருந்தலாம். கேட்டல் பிரித்த இந்த இரண்டுக்கும் பொருந்தாது. 20-ஆம் நூற்றாண்டில் தலைமுறைக்குத் தலைமுறை நுண்ணறிவுச் சோதனை மதிப்பெண் ஏறியதை ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிளின் தொகுத்துக் காட்டினார். அதில் மிகுதியாக ஏறியவை ரேவன் வகைச் சோதனைகளே. பிறப்போடு வந்து அப்படியே நிற்பது என்றால் இவ்வளவு வேகமாக ஏறியிருக்காது. 'மதிநுட்பம்' என்று பெயர் வைத்தால், சிலருக்கு அது உண்டு, சிலருக்கு இல்லை என்ற எண்ணத்தையும் சேர்த்தே வைத்துவிடுவோம்.

நூலறிவோ மிகக் குறுகியது. 1973-இல் சேஸ், சைமன் என்ற ஆய்வாளர்கள் செய்த சதுரங்கச் சோதனையைப் பாருங்கள். நடந்த ஆட்டமொன்றின் பலகையை 5 விநாடி காட்டி மறைத்தார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைத் திருப்பி அடுக்கினார். புதியவருக்கு நாலைந்து காய்க்கு மேல் நினைவில்லை. அதே காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டியபோது தேர்ந்தவருக்கும் புதியவருக்கும் வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவரிடம் இருந்தது பொதுவான நினைவாற்றல் அல்ல, ஆடி ஆடிச் சேர்த்த அமைப்புகள். இதை நூலறிவு என்று எப்படிச் சொல்வது? சரி, 'பட்டறிவு' என்றால் பள்ளியில் படித்ததெல்லாம் வெளியே போய்விடுகிறது. 'திரளறிவு' நன்றாக ஒலிக்கிறது. ஆனால் கூட்டத்தின் அறிவு என்றே வாசிப்பார்கள்.

நான் 'ஈட்டறிவு' என்பேன். ஈட்டிய, ஈட்டும், ஈட்டப்போகும் என மூன்று காலத்தையும் வினைத்தொகை தாங்கும். நூலும் அடங்கும், பழக்கமும் அடங்கும். இன்னொரு பொருத்தமும் உண்டு: முதல் வகைத் திறனை முதலீடு செய்துதான் இரண்டாவது வளர்கிறது என்பது கேட்டலின் கருத்து. முதலீட்டுக் கோட்பாடு என்றே அதற்குப் பெயர். முதல் போட்டால் ஈட்டுவோம். சொற்கள் தாமே கைகோத்துக்கொள்கின்றன. வயதைப் பற்றிய வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: 'உய்த்தறிதிறன் இளமையிலேயே உச்சம் தொட்டு மெல்ல இறங்கும், ஈட்டறிவு அறுபதுகள்வரைகூடத் தாக்குப்பிடிக்கும்.' எனக்கு இடறவில்லை.

> காட்சிவழிக் கற்பவர், செவிவழிக் கற்பவர் என்ற பகுப்பையும் இதே பட்டியலில் சேர்க்கலாமா?

வேண்டாம். அது கற்றல் பாணி. நுண்ணறிவு வகை அல்ல. உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983-இல் ஏழு நுண்ணறிவுகள் என்றார், பின்னர் இயற்கை சார்ந்த ஒன்றைக் கூட்டினார். அவரே பாணியையும் நுண்ணறிவையும் குழப்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். பாணிக்கு ஏற்றபடி சொல்லிக்கொடுத்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்கும், 2008-இல் உளவியலாளர் பாஷ்லர் குழுவினர் தேடிப் பார்த்தபோது போதிய சான்று கிடைக்கவில்லை. தனிப் பட்டியலாக வைத்து, அங்கே ஒரு குறிப்பும் போட்டுவிடலாம்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஒன்று 'திறன்' என்றும் மற்றது 'அறிவு' என்றும் முடிவதால் இணைச்சொல் போலத் தோன்றவில்லை. 'உய்த்தறிவு, ஈட்டறிவு' என்றால் ஓசை சேருகிறது, ஆனால் உய்த்தறிவு என்பது உய்த்தறிந்த முடிவைக் குறித்துவிடும். ஓசைக்காகப் பொருளை விட மனமில்லை. மாற்று இருந்தால் ஒரு வாக்கியத்தில் வைத்து எழுதுங்கள், வெறும் சொல்லாக வேண்டாம்.