நிலவில் குடியிருக்க முடியுமானால், எந்த இடத்தில்?

வினா: தண்டையார்பேட்டை வாசகர்

எங்கள் பகுதிப் படிப்பகத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிலவைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். வடை சுடும் பாட்டியையும் முயலையும் சொல்லித் தொடங்கி, அங்கே வீடு அமைக்கும் ஆராய்ச்சி வரை கொண்டுசெல்லலாம் என்பது என் எண்ணம். ஆனால் கதையைச் சொல்லிவிட்டு மறுநொடியே அதெல்லாம் பொய் என்று அடித்துப் பேச எனக்கு மனம் ஒப்பவில்லை. நிலவை வாழிடமாகக் கண்ட பழைய கற்பனைகளுக்கும் இன்றைய திட்டங்களுக்கும் உள்ளபடியே ஏதேனும் தொடர்பு உண்டா?

மறுமொழி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ராயபுரம்

பாட்டியை விட்டுவிடாதீர்கள். அவரோடு சாந்தோக்கிய உபநிடதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேள்வியும் தானமும் செய்தவர்கள் பிதிர்களின் வழியே சந்திரனை அடைந்து, புண்ணியம் தீரும்வரை அங்கே தங்கி, பின்னர் மேகமாகி மழையாகப் பொழிந்து, நெல்லாகவும் எள்ளாகவும் மண்ணில் முளைக்கிறார்கள் என்று அது கூறுகிறது. அதாவது நிலவு நிலையான ஊர் அன்று. கையிருப்பு தீர்ந்ததும் புறப்பட்டுவிட வேண்டிய இடம். சீனக் கதையில் சாவா மருந்தை உண்டு நிலவுக்குச் சென்ற சாங் எ என்பவளுக்கோ திரும்பும் வழியே இல்லை. இவ்விரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் பிள்ளைகளே கேள்வி கேட்கத் தொடங்குவார்கள்.

மறுமொழி: இயற்பியல் மாணவர், பெரம்பூர்

ஐயா சொன்ன தற்காலிகத் தங்கல் இன்றைய நிலைமைக்கும் பொருந்துகிறது. 1972 டிசம்பரில் அப்போலோ 17 வீரர்கள் ஏறத்தாழ 75 மணி நேரம் நிலவின் தரையில் இருந்தார்கள். அதைவிட நீண்ட நேரம் இன்றுவரை எவரும் அங்கே தங்கியதில்லை. ஆனால் இதை வைத்து, நம் முன்னோர் அப்போதே அறிந்திருந்தார்கள் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உண்மையான தொடர்பை நான் நிலத்தடியில் காண்கிறேன். நிலவில் ஒரு பகல் நம் கணக்கில் ஏறத்தாழ 14 நாள், இரவும் அவ்வளவே; நடுக்கோட்டுப் பகுதியில் பகல் வெப்பம் 120 டிகிரி செல்சியஸை எட்டி, இரவில் மைனஸ் 130 வரை இறங்கிவிடுகிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய சந்திரயான்-3, வெப்பமானி பொருத்திய ஒரு கோலை மண்ணுக்குள் செலுத்தியது. மேற்பரப்பில் 50 டிகிரிக்கு மேல் சுட்ட அதே மண், 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10 டிகிரியாக உறைந்து கிடந்தது. ஒரு சாண் ஆழம்கூட இல்லை! அந்த மண் அவ்வளவு நன்றாக வெப்பத்தைத் தடுக்கிறது; கதிர்வீச்சிலிருந்தும் அதுவே காக்கும் என்பதால்தான் தங்குமிடத்தை மண்ணுக்கு அடியில் அமைக்கச் சொல்கிறார்கள். எச். ஜி. வெல்ஸ் 1901-இல் வெளிவந்த நாவலில் நிலவு மக்களை நிலத்துக்குள்ளேதான் குடியமர்த்தினார். அது கணிப்பன்று, கதைக்கு வேண்டியிருந்தது.

ஜப்பானின் ககுயா விண்கலம் எடுத்த படங்களில், எரிமலைக் குழம்பு ஓடிய சுரங்கத்தின் கூரை இடிந்து உண்டானதாகக் கருதப்படும் பள்ளம் ஒன்று 2009-இல் அடையாளம் காணப்பட்டது. அமைதிக் கடல் என்னும் பகுதியில் உள்ள மற்றொரு பள்ளத்தின் நிழற்பகுதியில் வெப்பம் 17 டிகிரியை ஒட்டியே நிற்கும் என 2022-இல் கணக்கிட்டார்கள்.

மறுமொழி: வியாசர்பாடி வாசகர்

தம்பி சொன்ன இரண்டு பள்ளங்களும் நடுக்கோட்டிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. தண்ணீரோ, வெயிலே படாத துருவக் குழிகளில் பனியாகக் கிடக்கிறது. குடிக்கவும், பிரித்தெடுத்து மூச்சுக்கு ஆக்சிஜனாகவும் ராக்கெட்டுக்கு எரிபொருளாகவும் பயன்படுத்தவும் அந்தப் பனியைத்தான் நம்பியிருக்கிறார்கள். தெருவில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற நமக்கு, வீடு ஓரிடத்திலும் தண்ணீர் வேறிடத்திலும் இருப்பதன் சிக்கல் சொல்லாமலே விளங்கும். குகைக்கு அருகில் குடியேறுவதா, பனிக்கு அருகில் குடியேறி மேலே மண்ணைக் கொட்டி மூடிக்கொள்வதா என்று பிள்ளைகளை இரு அணியாகப் பிரித்து வாதிட வையுங்கள். இப்போதைய திட்டங்கள் தென் துருவத்தின் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதை வாதம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.