கோணல் கொம்பு மான்களைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

டென்வர்வாசி:

போன செப்டம்பரில் ராக்கி மலை தேசியப் பூங்காவின் மொரேன் பார்க் புல்வெளியில் எல்க் என்ற வட அமெரிக்கப் பெரிய மானில் ஒரு ஆணைப் பார்த்தேன். வலக்கொம்பு ஆறு கிளைகளோடு முதுகுப் பக்கம் அழகாக வளைந்து போயிருந்தது. இடக்கொம்பு மேலே ஏறவே இல்லை. கன்னத்தை ஒட்டிக் கீழே இறங்கி, உலக்கை மாதிரி தடித்து, நுனியில் இரண்டு சின்னக் கிளைகளோடு நின்றுவிட்டது. குனிந்து மேயும்போது அந்த நுனி புல்லை உரசியது.

பக்கத்தில் கேமராவோடு நின்ற ஒருவர், "வம்சக் கோளாறு, இதையெல்லாம் சுட்டுவிட வேண்டும்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. அங்கே கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த தன்னார்வல அம்மா தன் பைனாகுலரை என்னிடம் நீட்டி, "கொம்பை விடுங்கள், பின்னங்காலைப் பாருங்கள்" என்றார். வலது பின்னங்காலின் மூட்டு வீங்கிப் புடைத்திருந்தது. நடக்கும்போது அந்தக் காலை முழுசாக ஊன்றவில்லை.

மான் இனங்களில் பின்னங்காலில் பலத்த அடிபட்டால் எதிர்ப்பக்கக் கொம்பு கோணிக்கொள்வது பலமுறை பார்த்துப் பதிவான விஷயம். வலது கால் என்றால் இடது கொம்பு. முன்னங்கால் அடிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதே பக்கக் கொம்பும் கெடலாம். எல்க்கின் கொம்பு வசந்தத்தில் விழுந்து, ஆகஸ்டுக்குள் புதிதாக வளர்ந்து முடிகிறது. கோடையில் ஒரே நாளில் 2 செ.மீ.க்கு மேலும் வளரும். அந்த வேகத்துக்குத் தீனியில் கிடைக்கும் சுண்ணாம்புச்சத்து போதாமல், விலா எலும்பிலிருந்துகூட எடுத்துக் கொடுக்கிறது உடம்பு. அந்த நேரம் பார்த்துக் காலும் முறிந்தால் கொம்பு சிறுப்பது புரிகிறது. பக்கம் மாறுவதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

பிறவிக் குறையுள்ள மான்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தால் முதலில் அடியைத்தான் சந்தேகப்பட வேண்டும். காயத்தோடு குளிரையும் பசியையும் தாண்டி வந்த ஒரு உயிரை வம்சம் கெட்டது என்று ஒதுக்குவது நியாயமே இல்லை.

வேளச்சேரிக்காரி:

அண்ணா, சென்னை ஐஐடி வளாகத்தில் வேலை பார்த்த காலத்தில் புள்ளிமான்கள் தினமும் கண்ணில் படும். பக்கத்திலேயே கிண்டி தேசியப் பூங்கா. அதில் காது கிழிந்த ஒரு ஆண் மானை எங்கள் எல்லோருக்கும் அடையாளம் தெரியும். ஒரு தடவை அதன் இடக்கொம்பு பாதியில் முறிந்து தோலோடு தொங்கியது. ரத்தம் கசிந்து ஈ மொய்த்தது, பார்க்கவே முடியவில்லை. வளரும் கொம்பு மெத்தென்ற தோல் மூடி, உள்ளே ரத்த ஓட்டத்தோடு இருக்கும். வேலியில் மோதினாலே போதும்.

சில வாரத்தில் தொங்கிய துண்டு அப்படியே இறுகி, காதுக்குப் பின்னால் வளைந்து நின்றது. அந்தக் கொம்பு விழுந்து அடுத்தது முளைத்தபோது இரண்டு பக்கமும் சரியாக இருந்தன! அடிபட்டது கொம்பில்தான், அது முளைக்கிற மண்டையோட்டு மேட்டில் இல்லை என்று ஒரு கால்நடை மருத்துவர் விளக்கினார். அந்த மேடு சேதமாகியிருந்தால் ஆயுசுக்கும் கோணல்தானாம். அங்கே இருக்கும் வெளிமான் கதை வேறு. அதற்குக் கொம்பு விழுவதே இல்லை, முறிந்தால் முறிந்ததுதான்.

நீங்கள் பார்த்த எல்க்குக்கு அடுத்த வருஷம் சரியாகுமா அண்ணா?

பென்சில்வேனியாவிலிருந்து:

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வெள்ளைவால் மான்கள் வரும். டிசம்பர் கடைசியில், மற்ற ஆண்களெல்லாம் வளர்ந்து முடிந்த கொம்பின் தோலை எப்போதோ உரித்துவிட்ட பிறகும், ஒன்றுக்கு மட்டும் கொம்பு முழுக்க மயிர்த்தோல். அடியில் கட்டி கட்டியாகப் புடைத்துச் சின்னச் சின்ன முனைகள். விதையில் அடிபட்டோ, விதை இறங்காமலோ டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைந்தால் இப்படி ஆகும். தோல் உரியாது, கொம்பு விழாது, வளர்ந்துகொண்டே போகும். ஐரோப்பாவின் ரோ மானுக்கு இது முற்றினால் கண்ணையே மறைத்துவிடும். பாவம், மற்ற ஆண்கள் வந்தால் அது ஒதுங்கிப் போய்விடும்.

டென்வர்வாசி:

வேளச்சேரித் தங்கைக்கு: கால் ஆறினால் சரியாகலாம். காயம் பெரிதென்றால் கோணல் பல வருஷம் திரும்பத் திரும்ப வரும். கொம்பு வளரும்போது ஒரு இடத்தில் அடிபட்டு அங்கே கூடுதல் கிளை வந்தால், அது விழுந்த பிறகும் அடுத்த ஆண்டு கிட்டத்தட்ட அதே இடத்தில் கிளை வருவதுண்டு. கனடா ஆய்வாளர் ஜார்ஜ் புபெனிக் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்.

கெட்டிப்பட்ட கொம்புக்கு இந்தக் கவலை இல்லை. இங்கே கொலராடோவில் இரண்டு வருஷமாகக் கழுத்தில் டயரோடு திரிந்த ஒரு எல்க்கை 2021 அக்டோபரில் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். டயருக்குள் இருந்த இரும்புக் கம்பியை அறுக்க முடியாமல், கொம்பை அறுத்துத்தான் டயரைக் கழற்றினார்கள். அந்தப் பருவத்தில் கொம்பில் உயிர் கிடையாது, வலிக்காது. மேடு நன்றாக இருந்தால் அடிக்கட்டை விழுந்து புதுசு முளைக்கும்.

அடுத்து எழுதுகிறவர்கள் எந்தப் பக்கக் கொம்பு, எந்தக் கால், தோல் உரிந்திருந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முதுமலைப் பக்கம் கடமானைக் கவனித்தவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். எல்க் பார்க்க இங்கே வருகிறவர்கள் 75 அடி தள்ளியே நில்லுங்கள். இந்தப் பூங்காவின் விதி அது.