14 அடி ஃபைபர் படகு: உள்பக்கத்துக்கு எந்த பெயிண்ட்?

கரையோரம்_காவேரிப்பாக்கம்
காவேரிப்பாக்கம் ஏரியில வலை போட ஒரு ஃபைபர் படகு இருக்கு. 14 அடி நீளம், 4 அடி அகலம். இன்ஜின் கிடையாது, துடுப்புதான். உள்ளே முன்னாடி அடிச்ச கருநீலம் பொருக்குப் பொருக்கா உரியுது, ரெண்டு மூணு இடத்துல நாரே தெரியுது. வெயில்ல தரையில கால் வைக்க முடியல. மீன் கொழகொழப்பு பட்டா வழுக்குது. கதவு ஜன்னலுக்கு அடிக்கிற எனாமல் போதுமா, வேற ஏதாவது வாங்கணுமா? எத்தனை லிட்டர் பிடிக்கும்? ஏரித் தண்ணி பாசனத்துக்குப் போகுது, அதுக்கு ஆகாத சரக்கு வேணாம்.

ரோலர்_ராணிப்பேட்டை
எனாமல் வேணாம் அண்ணே. தண்ணி தேங்குற தரையில அது ஊறி மெத்துனு ஆகி உரியும். எப்பாக்சி பிரைமர் ஒரு கோட், அதுக்கு மேல ரெண்டு டப்பா கலக்குற பி.யூ. (பாலியூரித்தேன் பெயிண்ட்) ரெண்டு கோட். கார் பெயிண்ட் கடையிலயே கிடைக்கும், கேட்ட கலர்ல கலந்தும் தருவாங்க. எப்பாக்சியோட நிறுத்திடாதீங்க, வெயில் பட்டா சுண்ணாம்பு மாதிரி மாவு விடும். பி.யூ.வுல "அலிபாட்டிக்" வகைனு கேட்டு வாங்குங்க, மத்தது மஞ்சளாகும்.

அளவு: தரை சுமார் 45 சதுர அடி, ரெண்டு பக்கச் சுவரும் ஒன்றரை அடி உயரம்னு வச்சா 42, உட்காரும் பலகைங்க மேலும் கீழுமா 20. மொத்தம் 110 சதுர அடிக்குள்ள, அதாவது 10 சதுர மீட்டர். ரோலர்ல ஒரு கோட்டுக்கு ஒரு லிட்டர் சரியா இருக்கும். பிரைமர் 1 லிட்டர், பி.யூ. 2 லிட்டர் (இறுக வைக்கக் கலக்குற ரெண்டாவது டப்பா, அதாவது ஹார்ட்னரும் சேர்த்து), துடைக்கவும் கலக்கவும் தின்னர் 2 லிட்டர்.

பெயிண்ட் உரியறதுக்குக் காரணம் பெரும்பாலும் அடியிலதான் இருக்கும். ஃபைபர் படகோட உள்பக்கக் கடைசி ரெசின்ல மெழுகு கலந்திருப்பாங்க, பிசுபிசுப்பு இல்லாம இறுகணும்னு. அந்த மெழுகு மேலே மிதந்து நிக்கும். அதைத் துடைக்காம தேய்ச்சா உப்புத்தாள் மெழுகைக் கீறலுக்குள்ளயே அழுத்திடும், எந்தப் பெயிண்டும் பிடிக்காது. அதனால பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்ததும் சோப்புப் பவுடர் போட்டுக் கழுவுங்க. காய்ஞ்சதும் தின்னர் நனைச்ச துணியால ஒரு துடை, அது ஆவியாகுறதுக்குள்ள காய்ஞ்ச துணியால அடுத்த துடை. துணியை அடிக்கடி மாத்துங்க, ஒரே துணின்னா மெழுகு இடம் மாறும், அவ்வளவுதான். அப்புறம் தண்ணி தெளிச்சுப் பாருங்க: படலமா பரவினா சுத்தம், முத்து முத்தா உருண்டா மெழுகு இன்னும் இருக்கு. அது போன பிறகுதான் 80 நம்பர், அப்புறம் 120 நம்பர் உப்புத்தாள்.

பழைய பெயிண்டை எடுக்க பெயிண்ட் ரிமூவர் ஊத்திடாதீங்க, அது ரெசினையே இளக்கும். நார் தெரியுற இடத்துல சுவர் பட்டி வேணாம், தண்ணியை உறிஞ்சும். எப்பாக்சி பட்டி வைங்க. அதுக்கு முன்னாடி அந்த இடம் உள்ளே காய்ஞ்சிருக்கானு பாருங்க. ஒரு சாண் பாலிதீன் காகிதத்தை நாலு பக்கமும் டேப் ஒட்டி ராத்திரி விடுங்க. காலையில அடியில ஈரம் கோத்திருந்தா இன்னும் சில நாள் காயட்டும்.

வலைக்கண்ணி_சாத்தனூர்
கலர் பத்தி யாரும் சொல்லல. வெளிர் சாம்பல் இல்லன்னா சந்தன நிறம் அடிங்க. கருநீலம் வெயிலைக் குடிக்கும், அதான் கால் சுடுது. பளிச் வெள்ளை அடிச்சா உச்சி வெயில்ல கண்ணு கூசும். பளபளப்பு குறைஞ்ச வகையா வாங்குங்க.

வழுக்காம இருக்க மணல் தூவலாம், ஆனா எல்லா இடத்துலயும் வேணாம். கால் வைக்கிற தரைக்கும் ஏறி இறங்குற இடத்துக்கும் மட்டும். சுவர்லயும் வலை இழுக்குற விளிம்புலயும் மணல் இருந்தா கண்ணி மாட்டி அறுந்துடும். மீன் குவிக்கிற இடத்துலயும் வேணாம், செதிலும் ரத்தமும் சொரசொரப்புல தங்கி நாறும். மணலை அலசி, காய வச்சு, மாவு சலிக்கிற சல்லடையில சலிச்சுக்குங்க. பி.யூ. முதல் கோட் ஈரமா இருக்கும்போதே அடர்த்தியாத் தூவி விடுங்க. மறுநாள் ஒட்டாததைப் பெருக்கிட்டு ரெண்டாவது கோட். பெயிண்ட் டப்பாவுல மணலைக் கலந்தா அடியில தங்கி, ஒரு இடம் மொழுமொழுனும் ஒரு இடம் முள்ளாவும் வரும்.

கரையோரம்_காவேரிப்பாக்கம்
ரொம்ப நன்றி. சித்திரையில ஏரி வத்தினதும் கரையில போட்டு அடிக்கலாமா? பழைய பெயிண்ட் எனாமலானு எப்படித் தெரிஞ்சுக்கறது? முழுசாச் சுரண்டணுமா?

ரோலர்_ராணிப்பேட்டை
பி.யூ. தின்னர் நனைச்ச பஞ்சை அஞ்சு நிமிஷம் அது மேல வைங்க. சுருங்கினா, கலர் பஞ்சுல வந்தா எனாமல், முழுசா எடுத்துடணும். விட்டுட்டு அடிச்சா புது பெயிண்ட்டோட தின்னரே அதைக் கிளப்பிவிடும்.

சித்திரை வேணாம். நம்ம ஊர் வெயில்ல படகு மேல கை வைக்க முடியாது, பெயிண்ட் மேல்தோல் மட்டும் காய்ஞ்சு உள்ளே தின்னர் மாட்டிக் கொப்புளம் வரும். மாசியில, நிழல்ல போட்டு, பனி ஈரம் போன பிறகு காலையில அடிங்க. ஐப்பசி, கார்த்திகையும் ஆகாது: பி.யூ. ஹார்ட்னர் காத்து ஈரத்தோட சேர்ந்து வாயு விடும், ஊசித் துளை விழும். கலக்குற விகிதம் டப்பாவுல போட்டபடி, கண் மதிப்பு வேணாம். சூடு ஏற ஏற டப்பாவுலயே இறுகும், அரை லிட்டரா கலக்குங்க. கோட்டுக்குக் கோட் ஒரு ராத்திரி. ரெண்டு மூணு நாள் தள்ளிப்போனா 220 நம்பர்ல லேசாத் தேய்ச்சுட்டு அடிங்க. முடிச்சு 7 நாள் கழிச்சுத் தண்ணியில இறக்குங்க.

ஹார்ட்னர்ல இருக்கிற ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கெடுதல். ரோலர், பிரஷ் மட்டும். ஸ்ப்ரே வேணவே வேணாம். கையுறையும், தின்னர் வாடை தடுக்குற கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் போடுங்க, துணி மாஸ்க் உதவாது.

வலைக்கண்ணி_சாத்தனூர்
பாசனத் தண்ணினு சொன்னதால ரெண்டு விஷயம். கடல் படகு அடியில அடிக்கிற பாசித் தடுப்பு பெயிண்டை உள்ளே அடிச்சிடாதீங்க, அதுல தாமிரம் கசியும். இன்னொண்ணு, 2017 நவம்பர்ல வந்த 90 பிபிஎம் (பத்து லட்சத்துல 90 பங்கு) ஈயக் கட்டுப்பாடு வீட்டுப் பெயிண்டுக்கு மட்டும்தான், தொழிற்சாலைப் பெயிண்டுக்கு இல்ல. ஈயம் சேர்க்காததானு கேட்டு வாங்குங்க. பழைய நீலத்துலயும் ஈயம் இருக்கலாம். தண்ணி தெளிச்சுத் தேய்ங்க, தூசி பறக்காது. சுரண்டினதைத் தார்ப்பாயில பிடிச்சு சாக்குல கட்டி எடுத்துடுங்க, ஏரிக்குள்ள விழக் கூடாது.

வேலை முடிஞ்ச படகைக் கவிழ்த்து வைக்கும்போது விளிம்புக்கு அடியில ரெண்டு கட்டை கொடுங்க. தரையோட ஒட்டிக் கவிழ்த்தா உள்ளே ஆவி கட்டி, பலகை ஓரத்துலதான் முதல்ல உரியும்.