கண் திறக்காத பூனைக்குட்டிக்கு என்ன கொடுப்பது?

கேள்வி:
நேற்று மழையில் கத்திக்கொண்டிருந்த குட்டி. தாய் வருமா என்று மூன்று மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் தூக்கி வந்தேன். இன்னும் கண் திறக்கவில்லை. பசும்பால் கொடுக்கலாமா? வீட்டில் வளர்ந்த பூனை ஒன்றும் இருக்கிறது.

பதில் 1:
பசும்பால் வேண்டாம், வயிற்றுப்போக்கு வரும். பூனைக்குட்டிகளுக்கென்றே பால் மாவு கிடைக்கிறது. அதற்கு முன்னால் உடம்பைக் கதகதப்பாக்குங்கள். உடம்பு குளிர்ந்திருந்தால் பால் செரிக்காது. குப்புற வைத்துத்தான் ஊட்ட வேண்டும். நான் மல்லாக்க வைத்து ஊட்டி, பால் நுரையீரலுக்குள் போய், ஒரு குட்டியை இழந்தேன். இன்னும் மனசு ஆறவில்லை. 2-3 மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும்தான். ஒவ்வொரு தடவையும் ஈரப் பஞ்சால் அடிப்பக்கம் மெல்லத் தடவுங்கள். இந்த வயதில் தானாகச் சிறுநீர் போகாது.

பதில் 2:
பெரிய பூனைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா? போட்டிருந்தாலும் குட்டிக்கு 2 வாரமாவது தனி அறை. இன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேட்டவர்:
சரி. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன், உடம்பு சூடாகிவிட்டது. மாவு வாங்கக் கிளம்புகிறேன். அப்புறம், ராத்திரி முறைக்கு அக்காவும் வருகிறாள்.