லண்டனில் தனியாக ஐந்து நாள்: மியூசியம், நாடகம், பக்கத்து ஊர்

தனியாகப் போகிறவர்கள் பலரும் முதலில் மியூசியப் பட்டியல் போடுகிறார்கள். திட்டம் கோணலாவது அங்கேதான். லண்டனின் பெரிய மியூசியங்களில் நிரந்தரக் கூடங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை. இன்று முடியாவிட்டால் நாளை போய்க்கொள்ளலாம். நாடகம் அப்படியில்லை, அதற்கு நாளும் மணியும் இருக்கையும் உண்டு. அதனால் நாடக டிக்கெட்டை முதலில் உறுதி செய்யுங்கள். அடுத்து வெளியூர் போகும் நாளைக் குறியுங்கள். மிச்சமுள்ள இடைவெளிகளில் மியூசியம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வெள்ளிக்கிழமை மாலையை மட்டும் நாடகத்துக்குக் கொடுக்காதீர்கள். பிரிட்டிஷ் மியூசியம் மற்ற நாட்களில் மாலை 5 மணிக்கு மூடும், வெள்ளியன்று 8.30 வரை திறந்திருக்கும். நேஷனல் கேலரி 6-க்குப் பதில் 9 வரை. விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் 5.45-க்குப் பதில் இரவு 10 வரை. பகலில் பள்ளிக் கூட்டம் நெரியும் கூடங்கள் அந்த நேரத்தில் அமைதியாக இருக்கும். நாடகமோ திங்கள் முதல் வியாழன் வரையும் நடக்கிறது, சனிக்கிழமையைவிடப் பெரும்பாலும் மலிவாகவே கிடைக்கிறது.

புதனன்று இறங்கி ஞாயிறன்று கிளம்புவதாக வைத்துக்கொண்டால், முதல் இரவில் நாடகம் வேண்டாம். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு இருட்டில், வெதுவெதுப்பான அரங்கில், மெத்தை இருக்கையில் உட்கார்ந்தால் இரண்டாம் பாதியில் கண்கள் சொருகிவிடும்.

* * *

மேலே சொன்னதற்கு நாடகப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். தனி ஆளுக்கு இருக்கும் பெரிய அனுகூலமே இருக்கைதான், அதை அனேகர் பயன்படுத்துவதில்லை. ஜோடி ஜோடியாக டிக்கெட் விற்கும்போது நல்ல வரிசைகளில் நடுநடுவே ஒற்றை இருக்கைகள் தங்கிவிடும். அவற்றை வாங்க ஜோடிகள் வரமாட்டார்கள். பதிவு செய்யும்போது எண்ணிக்கையை 1 என்று வைத்துத் தேடினால் அவை கண்ணில் படும். மூன்று இருக்கை காலியாக இருக்கும் இடத்தில் நடுவில் உள்ளதைத் தொட்டால் பல இணையதளங்கள் ஏற்காது, ஏனென்றால் இருபுறமும் ஒற்றை இருக்கை மிஞ்சும். அது உங்கள் கார்டின் கோளாறு அல்ல. வேறு இடம் பாருங்கள்.

அரங்கில் தரைத்தளம் ஸ்டால்ஸ். அதற்கு மேல் டிரெஸ் சர்க்கிள், சில அரங்குகளில் ராயல் சர்க்கிள் என்பார்கள். அதற்கும் மேலே அப்பர் சர்க்கிள் அல்லது கிராண்ட் சர்க்கிள், சிலவற்றில் உச்சியில் பால்கனி. லண்டனின் நாடகப் பகுதியான வெஸ்ட் எண்டில் உள்ள அரங்குகளில் பெரும்பாலானவை நூறு ஆண்டுகளுக்கு முன் கட்டியவை. உச்சித் தளங்களில் படிகள் செங்குத்து, கால் நீட்ட இடம் குறைவு, பலவற்றில் அங்கே போக லிஃப்ட் கிடையாது. உயரம் என்றால் தலைசுற்றுபவர்கள் அங்கே வாங்காமலிருப்பது நல்லது. ஸ்டால்ஸின் பின் வரிசைகளில் வேறு சிக்கல்: மேல்தளம் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பதால் மேடையின் உச்சிப் பகுதி வெட்டுப்படும். இரண்டு பேர் பேசும் நாடகத்துக்கு அது பொருட்டில்லை. மாடிப்படியும் உப்பரிகையுமாக உயர்ந்து நிற்கும் அரங்க அமைப்புள்ள இசை நாடகத்துக்கு அதுவே பெரிய இழப்பு. மேல்தளத்தின் முதல் வரிசையில் பாதுகாப்புக் கம்பி சில சமயம் பார்வைக்குக் குறுக்கே வரும். ‘ரெஸ்ட்ரிக்டட் வியூ’ (மேடை முழுதும் தெரியாத இடம்) என்று விலை குறைத்துப் போட்டிருந்தால் காரணம் தூணா, கம்பியா, ஓரமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். தூண் என்றால் விட்டுவிடுங்கள்.

மாலைக் காட்சி வழக்கமாக 7 அல்லது 7.30-க்கு. மேட்டினி எனப்படும் பகல் காட்சி பெரும்பாலும் புதன் அல்லது வியாழன், அத்துடன் சனி, 2.30 வாக்கில். தாமதமாகப் போனால் காட்சி மாறும் இடைவெளி வரும் வரை வெளியே நிறுத்திவைப்பார்கள், சில நாடகங்களில் இடைவேளை வரைகூட. லெஸ்டர் ஸ்கொயரில் டிகேடிஎஸ் கூடத்தில் அன்றைய, அடுத்த நாட்களின் தள்ளுபடி டிக்கெட் கிடைக்கும். ஒரே ஒரு டிக்கெட் கேட்பவருக்கு அங்கே இடம் கிடைப்பது எளிது.

ஷேக்ஸ்பியர்ஸ் குளோப் அரங்கில் யார்ட் என்கிற திறந்தவெளியில் நின்று பார்க்கும் டிக்கெட் மிக மலிவு. ஆனால் காட்சி நடக்கும்போது தரையில் உட்கார விடமாட்டார்கள், மழை வந்தாலும் குடை விரிக்கக் கூடாது. மழைக்கோட்டு எடுத்துப் போங்கள். கதவு திறந்ததும் உள்ளே போனால் மேடை விளிம்பிலோ பக்கச் சுவரிலோ சாய்ந்துகொள்ள இடம் கிடைக்கும். பகல் முழுக்க மியூசியத்தில் நடந்த கால்களோடு அங்கே போகாதீர்கள்.

* * *

வெளியூர் நாள் பற்றி ஒரே ஒரு விதி: ரயில் பயணத்தையும் நாடகத்தையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். ரயில் தாமதமானால் ரயில் நிறுவனத்திடம் ‘டிலே ரீபே’ முறையில் இழப்பீடு கேட்கலாம், ஆனால் அது ரயில் கட்டணத்துக்கு மட்டும். தவறவிட்ட நாடக டிக்கெட் போனது போனதுதான். ரயிலோடு சேர்க்க வேண்டியது மியூசியம். தாமதமாக வந்தாலும் கதவு திறந்திருக்கும்.

இதற்கு வெள்ளிக்கிழமை பொருந்திவரும். லண்டனின் வாட்டர்லூ ஸ்டேஷனிலிருந்து, அரச கோட்டை உள்ள வின்ட்சருக்கு நேரடி ரயில் இருக்கிறது, ஏறக்குறைய ஒரு மணி நேரம். கோட்டைக்குள் நிதானமாகப் பார்க்க மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மாலை திரும்பி வாட்டர்லூவில் இறங்கி, ஹங்கர்ஃபோர்டு பாலத்தை ஒட்டிய நடைபாதையில் தேம்ஸைக் கடந்தால் இருபது நிமிடத்துக்குள் நேஷனல் கேலரி. அன்று 9 வரை திறந்திருக்கும். வின்ட்சர் கோட்டை செவ்வாயும் புதனும் மூடியிருக்கும். ஞாயிறன்று உள்ளிருக்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் வழிபாடு நடப்பதால் சுற்றிப் பார்க்க விடுவதில்லை.

கேம்பிரிட்ஜ் போனால் திங்களைத் தவிருங்கள், ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்துக்கு அன்று விடுமுறை. கிங்ஸ் கிராஸிலிருந்து போகும் விரைவு ரயில் ஐம்பது நிமிடம்தான், ஆனால் ஸ்டேஷனிலிருந்து ஊர் மையம் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். அதைக் கணக்கில் சேர்க்காமல் திரும்பும் ரயிலைக் குறிப்பவர்கள்தான் கடைசியில் ஓடுகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டுக்கு பாடிங்டனிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். அங்கே ஆஷ்மோலியன் மியூசியத்துக்குக் கட்டணம் இல்லை. 1683-இல் திறந்தது, பிரிட்டிஷ் மியூசியத்தைவிட மூத்தது.

டிக்கெட்டில்தான் பணம் வீணாகிறது. ‘அட்வான்ஸ்’ என்று போட்டிருந்தால் குறித்த அந்த ரயிலுக்கு மட்டுமே செல்லும், தவறவிட்டால் புது டிக்கெட். ஒரு நாள் பயணத்துக்கு ‘ஆஃப்-பீக் ரிட்டர்ன்’ நிம்மதி: காலை நெரிசல் முடிந்ததும் கிளம்பி, சலித்தபோது திரும்பலாம். பல தடங்களில் அது ஒருவழி டிக்கெட்டைவிடச் சற்றுதான் கூடுதல். இன்னொன்று, லண்டனுக்குள் டிக்கெட் எடுக்காமல் வங்கிக் கார்டையோ போனையோ தட்டிவிட்டுப் போகும் காண்டாக்ட்லெஸ் வசதி பாடிங்டன் தடத்தில் ரெடிங் ஊரோடு முடிகிறது. கார்டைத் தட்டி உள்ளே நுழைந்து ஆக்ஸ்ஃபோர்டு வரை போய்விட்டால் அங்கே அபராதம். தனி டிக்கெட் எடுத்துத்தான் ஏற வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வெளியூர் வேண்டாம். தண்டவாளப் பராமரிப்பு பெரும்பாலும் அன்றுதான், ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், ஒரு மணி நேரப் பயணம் இரண்டரை ஆகும்.

* * *

பிரிட்டிஷ் மியூசியத்தில் எல்லோரும் முன்வாசலில் நுழைந்து நேராக 4-ஆம் கூடத்து ரொசெட்டா கல்லுக்குப் போவார்கள். பின்புறம் மாண்டேகு பிளேஸ் வாசலில் பெரும்பாலும் வரிசை குறைவு. அந்த வழியில் வந்தால் பக்கத்திலேயே 33-ஆம் கூடம். அதை ஒட்டிய 33ஏ-யில் அமராவதி ஸ்தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் இருக்கின்றன. ஒரு மியூசியத்துக்கு இரண்டு மணி நேரம், நான்கு கூடம். அதற்கு மேல் கால் நடக்கும், கண் பார்க்காது.

சக்கரப் பெட்டியோடு வந்தால் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளே விடமாட்டார்கள். தனி ஆளுக்கு வெளியே பெட்டி பார்த்துக்கொள்ளத் துணை கிடையாது, எனவே கிளம்பும் நாளில் தங்குமிடத்திலோ ரயில் நிலையக் காப்பறையிலோ விட்டுவிட்டு வாருங்கள். நேஷனல் கேலரி, ஓவியங்கள் மீது சூப் வீசிய சம்பவங்களுக்குப் பிறகு, 2024 அக்டோபரில் திரவங்களுக்குத் தடை கொண்டுவந்தது. தண்ணீர் பாட்டில்கூட வாசலிலேயே போய்விடும். சர் ஜான் சோன் மியூசியம் சிறிய வீடு, புதன் முதல் ஞாயிறு வரை மட்டும், பெரிய பை கூடாது. கிளம்பும் ஞாயிறு காலைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

* * *

இரவு திரும்புவது பற்றி மேலே எதுவும் சொல்லவில்லை. நாடகம் விடும் 10 மணிக்கு கோவென்ட் கார்டன் ஸ்டேஷனில் லிஃப்டுக்குக் கூட்டம் நிற்கும், படியில் இறங்கினால் 193 படி. ஐந்து நிமிடம் நடந்தால் லெஸ்டர் ஸ்கொயர், அங்கே எஸ்கலேட்டர். பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதில்லை, ஏறும்போது ஒரு முறை தட்டினால் போதும். ட்யூப் எனப்படும் சுரங்க ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும், அதே பொருளால். காலையில் பிளாஸ்டிக் கார்டும் மாலையில் போனும் தட்டினால், வங்கிக் கணக்கு ஒன்றே என்றாலும் இரண்டு பயணிகளாகவே கணக்கிடும், ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்காத அன்றைய உச்சவரம்புச் சலுகை கிடைக்காது.

வழி பார்க்க போனை எடுப்பவர்கள் நடைபாதை விளிம்பில் நிற்காமல் கடைச் சுவரோரம் ஒதுங்குங்கள். மின்சைக்கிளில் வந்து பறித்துப் போகிறார்கள். டிக்கெட், தங்குமிட முகவரி, பாஸ்போர்ட் நகல் மூன்றையும் காகிதத்தில் ஒரு பிரதி எடுத்து, போன் இருக்கும் பையில் அல்லாமல் வேறு பையில் வையுங்கள்.