மறு: ‘ட்ரீ ஈக்விட்டி’க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘ட்ரீ ஈக்விட்டி’ (tree equity), அதாவது மரங்களின் பயன் நகரின் எல்லாப் பகுதி மக்களுக்கும் நியாயமாகக் கிடைக்க வேண்டும் என்ற கருத்து, இதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தீர்கள். ‘மரச் சமத்துவம்’ வேண்டாம் என்பேன். எல்லாப் பகுதிக்கும் ஒரே எண்ணிக்கையில் கன்றுகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, சமத்துவம் வந்துவிட்டது என்று கணக்கை முடிக்க அந்தச் சொல் இடம் தருகிறது. ஏற்கனவே நிழல் மண்டிய தெருவுக்கும் வெயிலில் காயும் தெருவுக்கும் ஒரே அளவு கொடுத்தால் இடைவெளி எப்படிக் குறையும்? இல்லாத இடத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பதுதான் இந்தக் கருத்தே.

அந்த இடைவெளி தானாக முளைத்ததும் இல்லை. அமெரிக்காவில் 1930களின் வீட்டுக்கடன் வரைபடங்கள், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைக் கடன் தர ஆபத்தானவை என்று சிவப்பில் குறித்து ஒதுக்கின. 2020இல் 108 நகரங்களை ஆராய்ந்தபோது 94 விழுக்காட்டு நகரங்களில் அந்தச் சிவப்புப் பகுதிகள்தான் இன்றும் அதிகம் கொதிக்கின்றன என்று தெரிந்தது. மரம் குறைவு, தாரும் கான்கிரீட்டும் அதிகம். இது உயிர் போகிற விஷயம்: 93 ஐரோப்பிய நகரங்களைப் பற்றி 2023இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, மர விதானத்தை, அதாவது மரங்களின் இலையும் கிளையும் மூடியிருக்கும் பரப்பை, நகரப் பரப்பில் 30 விழுக்காட்டுக்கு உயர்த்தினால் நகர வெப்பத்தால் கோடையில் நேரும் இறப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தடுக்கலாம் என்று கணக்கிட்டது.

‘நிழல் நீதி’ அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நிழலோடு நின்றுவிடுகிறது. ஜன்னல் வழியே மரம் தெரிந்த அறுவை நோயாளிகள், சுவர் மட்டும் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள் என்று ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் எழுதினாரே, அதில் நிழலுக்கு என்ன வேலை?

என் பரிந்துரை ‘மர ஒப்புரவு’. ஒப்புரவு என்றால் ஊருக்குப் பயன்படும்படி பகிர்ந்து வாழ்வது. குறளில் ஒப்புரவறிதல் அதிகாரத்திலேயே ‘மருந்தாகித் தப்பா மரத்தற்றால்’ (தவறாமல் மருந்தாகப் பயன்படும் மரம் போல) என்று வருகிறது. மரம், மருந்து, பகிர்வு மூன்றும் ஒரே இடத்தில். ஒப்புரவு என்றால் தர்மம் செய்வது போல ஆகிவிடாதா என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் வள்ளுவர் ஈகைக்குத் தனி அதிகாரமே வைத்திருக்கிறார். ஒப்புரவைக் ‘கடப்பாடு’ என்கிறார், அதாவது கடமை. மரமில்லாத பகுதிக்கு மரம் தருவது நகராட்சியின் கடமை, தயவு இல்லை. அந்தப் பொருள் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அப்புறம் இந்த நியாயம் ஒரு பகுதியில் எந்த அளவுக்கு இருக்கிறது என்று காட்டும் ‘ட்ரீ ஈக்விட்டி ஸ்கோர்’ என்பதற்கு ‘மர ஒப்புரவு மதிப்பெண்’ சரியாக இருக்கும். அந்த மதிப்பெண்ணின் விளக்கத்தில் மட்டும் ‘மர எண்ணிக்கை’ என்று போடாமல் ‘விதானப் பரப்பு’ என்றே போடுங்கள், நேற்று நட்ட கன்று நிழல் தர பல வருடம் ஆகும்.